இடது கார்னரில் ஒரு படர்தாமரை

ஜூன் 16, திங்கள்

லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தாயிற்று. அதே ரூம், அதே கடகடக்கும் ஃபேன், அதே ஜெனி. எங்கள் கல்லூரிக் கபடி டீமுக்கு ஜெனிட்டாதான் கேப்டன். அவள் நிற்பது இடது கவர். நான் அவளுக்கு அடுத்து, கோட்டோரத்தில், இடது கார்னர். ஆட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் கை கோத்து நிற்போம். ரெய்டு வருகிறவள் காலை நான் பிடித்தால் அடுத்த நொடி ஜெனி அவள் மேல் விழுந்து அமுக்குவாள். "நீ பிடிட்டி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். இரண்டு வருடமாக நானும் அப்படியே நம்பிப் பிடிக்கிறேன்.

ஆகஸ்டில் பல்கலைக்கழக டீம் செலக்ஷன். அதில் பெயர் வந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பம் போடலாம். வராவிட்டால் படிப்பு முடிந்த கையோடு மாமா பையனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

லீவில் ஜெனி பெரிய சுத்தக்காரியாக மாறி வந்திருக்கிறாள். முன்னெல்லாம் என் துண்டில்தான் தலை துவட்டுவாள். இப்போது துண்டு தனி, சோப்பு தனி, கொடியில் ஓரமாகத் தனி இடம். துணிக்கு வார்டன் அம்மாவிடம் கெஞ்சி வெந்நீர் வாங்குகிறாள். டிராக் பேண்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சுள்ளென்ற வெயிலில் போடுகிறாள். "என்னட்டி, பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டேன். சிரித்தாள். கொண்டுவந்த கடலை மிட்டாயில் பாதியைத் தின்றும் விட்டாள். அதில் மட்டும் மாற்றமில்லை.

ஜூன் 20

பயிற்சி தொடங்கிவிட்டது. எங்கள் கோச் அருணகிரி சார் வழக்கம்போல முட்டிக் கேப் மூட்டையைக் கொண்டுவந்து ஆட்டக்களத்து ரப்பர் மேட்டின் நடுவில் கொட்டினார். அது ஒரு பழைய அரிசிச் சாக்கு. டீமின் முட்டிக் கேப், முழங்கைக் கேப் எல்லாம் அதற்குள்தான். எது யாருடையது என்று கிடையாது. கையில் அகப்பட்டதை மாட்டிக்கொள்ள வேண்டும்.

மார்ச்சில் கோப்பை ஜெயித்தோம் அல்லவா, அதிலிருந்து மூட்டையைத் துவைக்கவில்லை. ஜெயிக்கும்போது துவைத்தால் ராசி போய்விடும் என்பது எங்கள் டீமின் சட்டம். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மீற யாருக்கும் தைரியம் இல்லை. நாற்றம் தூரத்திலேயே அடிக்கிறது. முதல் வருடத்துப் பிள்ளை அனிஷா மூக்கைப் பொத்தினாள். எங்கள் ரெய்டர் வடிவு அவள் தலையில் ஒரு தட்டு தட்டி, "இது கோப்பை வாசம்ட்டி" என்றாள்.

பேண்டையே வெந்நீரில் அலசுகிற சுத்தக்காரி ஜெனியும் பேசாமல் ஒரு ஜோடியை எடுத்து மாட்டினாள். பயிற்சி முடிந்ததும் மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டாள். கேப்டனே ராசியை உடைக்கலாமா?

ஜூன் 29, ஞாயிறு

வலது முட்டிக்குப் பின்னால் அரிப்பு. கொசுவாக இருக்கும். மதியம் மெஸ்ஸில் சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர்.

ஜூலை 3

கொசு இல்லை. ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் பொரிப்பொரியாக எழும்பியிருக்கிறது. தொடையிலும் ஒன்று. வியர்த்தால் பிடுங்கி எடுக்கிறது. கிளாஸில் உட்கார்ந்துகொண்டு அந்த இடத்தில் எப்படிச் சொறிவது?

ஜெனியிடம் காட்டினேன். பார்த்தவுடன் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்காக அவ்வளவு பதறுகிறாள்.

"படர்தாமரை மாதிரி இருக்கு" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? போனா சாருக்குத் தெரியும். தெரிஞ்சா ஒன்னைய உக்கார வச்சிருவாரு. சும்மா கெட. நான் ஒண்ணு தாரேன்."

பெட்டியின் அடியில் இருந்து ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தாள். பாதி பிதுக்கியது. அவள் அக்கா மெடிக்கலில் வாங்கியதாம். "காலையில ராத்திரி தேய். அரிப்பு சட்டுனு நின்னுரும். யாருட்டயும் சொல்லாத, என்னட்டி?"

பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள்.

ஜூலை 6

போயே போய்விட்டது. ஜெனி வாழ்க.

ஜூலை 14, திங்கள்

திரும்ப வந்துவிட்டது. டியூபை நிறுத்தி சில நாள்தான் ஆகியிருக்கும். முன்பு நாணயம், இப்போது தோசை. முட்டிக்குப் பின்னால் தொடங்கித் தொடை வரை ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டு ஓடுகிறது. ஜெனியிடம் சொன்னேன். "நல்லா அப்பித் தேய்ட்டி, பயப்படாத" என்றாள். அப்பினேன். அரிப்பு அடங்கியது. வட்டம் அடங்கவில்லை.

நான் பார்க்காத நேரத்தில் அவளும் ஏதோ கிரீம் போடுகிறாள். பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம். என்னடி என்றதற்கு முகத்துக்கு என்றாள். அவளுக்கு எதற்கு முகத்துக்குக் கிரீம், ஏற்கெனவே எல்லோர் கண்ணும் அவள் மேல்தான்.

ஜூலை 20

முகத்தில் வந்துவிட்டது. இடது கன்னத்தில், காதுக்கு முன்னால். எழுதவே கை வரவில்லை. முதலில் பருவென்று நினைத்து அந்த டியூபையே அதிலும் தேய்த்தேன். இப்போது கன்னம் சிவந்து வளையம் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஜூலை 22

வடிவு குளியலறையில் என் பக்கெட்டைக் காலால் தள்ளி மூலையில் வைத்தாள். நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். "ஒட்டிக்கிடும்லா, தப்பா நெனைக்காத" என்றாள். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்?

மெஸ்ஸில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அனிஷா உட்கார வந்தாள். அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரவுச் சாப்பாட்டை ரூமுக்கு எடுத்துவந்து தின்றேன்.

ஜூலை 23

கிளாஸ் முடிந்து வந்தால் ஜெனியின் கட்டில் காலி. மெத்தை, பெட்டி, வாளி எல்லாம் வடிவு ரூமுக்குப் போயிருக்கின்றன.

"சாரு சொன்னாருட்டி. நான் கேப்டன்லா. எனக்கும் வந்துட்டா டீமு என்னத்துக்கு ஆவும்? கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

நியாயம்தான். அவளுக்கு வந்துவிடக் கூடாது. அழுகை வந்தது, அழுதேன். யாரும் இல்லாத ரூமில் அழுவதில் ஒரு வசதி, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 24, வியாழன்

யாரிடமும் கேட்காமல் அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனேன். நீளமான வரிசை. டாக்டரம்மா என் கன்னத்தைப் பார்த்ததுமே, "என்ன தேய்ச்ச?" என்றார். டியூபைக் காட்டினேன். மேசைமேல் போட்டு, தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. அரிப்பையும் செவப்பையும் அமுக்கும். பூஞ்சை உள்ள ஜாலியா வளரும். யாரு குடுத்தா?"

"ஃப்ரெண்டு, மேடம்."

"நல்ல ஃப்ரெண்டு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஜெனிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பாவம், அக்கா டியூபை நம்பிக் கொடுத்திருக்கிறாள்.

வேறு மாத்திரை சாப்பிடுகிறேனா, ஈரலில் கோளாறு உண்டா, கர்ப்பமாக இருக்கிறேனா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் விழித்த விழியில் பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "எல்லார்ட்டயும் கேக்கணும்மா, சில மருந்து ஆகாது" என்றார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு இல்லாத வெறும் பூஞ்சை மருந்துக் கிரீம் ஒன்றும், ரொம்பப் பரவிவிட்டதால் மாத்திரையும் எழுதினார். பிறகு பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, அதன்பிறகு மெல்லிசாகப் போட வேண்டும். அப்பக் கூடாது. வட்டத்தின் மேல் மட்டும் போட்டால் போதாது, ஓரத்தைத் தாண்டி ரெண்டு விரல் அகலத்துக்கு வெளியேயும் போட வேண்டும். கண், வாய்ப் பக்கம் போகக் கூடாது. போட்டபின் கையைக் கழுவ வேண்டும். எரிந்து கொப்பளித்தால் நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும்.

"முக்கியமானது இதுதான். தோலு சுத்தமான மாதிரி தெரிஞ்சதும் நிறுத்திராத. நான் நிறுத்தச் சொல்றப்பதான் நிறுத்தணும். துண்டு, துணி தனி. வெந்நீர்ல துவைச்சு, உள்பக்கத்தத் திருப்பி வெயில்ல போடு."

"எங்க ரூம்ல ஜெனி அப்படித்தான் மேடம் செய்வா. ரொம்ப சுத்தக்காரி" என்றேன் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா. கூட இருக்கறவங்களுக்கும் சேர்த்து வைத்தியம் பாத்தாதான் தீரும்" என்றார்.

ஆடலாமா என்று கேட்டேன். மருந்து போட ஆரம்பித்துச் சில நாள் போகட்டும், பிறகு அந்த இடத்தை மூடிக்கொண்டு ஆடலாம் என்றார். பஸ்ஸில் பாட்டு பாடிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 25

ஜெனியை டாக்டரிடம் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குட்டி? எனக்கு ஒண்ணுமில்லையே" என்று கத்தினாள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நரகம். பழைய டியூபை நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்ததெல்லாம் மேலே கிளம்பிவிட்டது. கன்னம் தக்காளியாகச் சிவந்திருக்கிறது. இப்படி ஆகும், பயப்படாதே, பழையதைத் தொடாதே என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் தேய்த்திருப்பேன், சத்தியமாக.

ஜூலை 30

அருணகிரி சார் கூப்பிட்டார். செலக்ஷனுக்கு நான் வேண்டாமாம்.

"டாக்டர் ஆடலாம்னு சொல்லிருக்காங்க சார். மூடிக்கிட்டு ஆடலாமாம்."

"மூஞ்சிய எப்படிம்மா மூடுவ? மத்த காலேஜ்காரன் பாத்துட்டு உன் புள்ளைய வெளியே அனுப்புன்னு சொன்னா காலேஜு மானம் போவும். ஒன்னால இப்ப டீமு முழுசும் பயந்து கெடக்கு."

"என்னாலயா சார்?"

விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

கிரீம். மாத்திரை. துணி துவைத்தேன். யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அழகா அடங்குது" என்றார். கன்னத்தில் வளையம் மங்கிவிட்டது. முட்டிக்குப் பின்னால் சிவப்பு போய்ப் பழுப்பு நிறத்தில் தடம் மட்டும் நிற்கிறது. இது என்ன மேடம் என்றேன். "ஆறுன படர்தாமரை இப்படித்தான் தடம் விட்டுட்டுப் போகும். மறைய மாசக்கணக்காகும். இனிமே நீ எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிருவ" என்று சிரித்தார். மருந்தை நிறுத்தக் கூடாது என்று மறுபடியும் அதட்டி அனுப்பினார்.

ஆகஸ்ட் 6, புதன்

மாலை மேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பயிற்சி பார்த்தேன். என் இடத்தில் அனிஷா நிற்கிறாள். வடிவு ரெய்டு வந்தாள். அனிஷா காலைக் கோட்டைவிட்டாள். ஜெனி பாய்ந்து இடுப்பைப் பிடித்து விழுந்தாள். இழுபறியில் ஜெனியின் பேண்ட் கால் தொடை வரை சுருண்டு ஏறிவிட்டது.

பழுப்புத் தடங்கள். வட்டம் வட்டமாக, தொடையின் உள்பக்கம் முழுக்க. பழையவை. என்னுடையதைவிடப் பழையவை. அவற்றின் நடுவில் புதிதாக ஒன்று சிவப்பாக, ஓரம் பொரிந்து.

அவள் சட்டென்று பேண்டை இழுத்துவிட்டாள். நிமிர்ந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

நான் எழுந்து ரூமுக்கு வந்துவிட்டேன். வெந்நீர். தனித் துண்டு. உள்பக்கம் திருப்பிய பேண்ட். தாழ் போட்ட பாத்ரூம். மடச்சி, மடச்சி, மடச்சி. கேலி வேறு செய்தேனே.

ஆகஸ்ட் 7

துணி காயப்போடும் மாடியில் அவளைப் பிடித்தேன். அடிக்கத்தான் போனேன். அவள் பேண்டைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்ப இருந்து?"

"என்னது?"

"ஏட்டி, பொய் சொன்னா தள்ளிவிட்டுருவேன். எப்ப இருந்து?"

அழ ஆரம்பித்தாள். ஏப்ரலில் இருந்து. கோப்பை முடிந்ததும் வந்ததாம். முதலில் மெடிக்கலில் அந்த டியூபை அவளேதான் வாங்கித் தேய்த்திருக்கிறாள். அக்காவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பரவியதும் சார்தான் தனியார் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். டாக்டர் அந்த டியூபைத் தூரப் போடச் சொல்லிவிட்டு நல்ல மருந்து எழுதியிருக்கிறார். எனக்கு இப்போது என்ன கிரீமோ அதே கிரீம்.

"அப்ப அது கெட்ட மருந்துன்னு தெரிஞ்சேதான் எனக்குத் தந்த."

"அரிப்பு நிக்கும்லாட்டி. செலக்ஷன் வரைக்கும் அமுங்கிக் கெடந்தா போதும்னு நெனச்சேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போனா ரூம்ல இருக்கற என்னையும் பாப்பாங்க. சாரு யாருட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லிருந்தாரு. நான் என்ன செய்ய?"

"நல்ல மருந்து ஒங்கிட்ட இருந்துச்சேட்டி. பாதி குடுத்திருந்தாலும் என் மூஞ்சி இப்படி ஆயிருக்குமா?"

"குடுத்தா எப்படி வந்துச்சுன்னு கேப்பியே."

அவ்வளவுதான். அதற்காகத்தான். அடிக்கவில்லை. அடிக்கிற அளவுக்குக்கூட அவளைத் தொடப் பிடிக்கவில்லை. என் கையை அவள் கையில் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக சாரிடம் போனேன். "தெரியும் சார், எல்லாம் தெரியும்" என்றேன். "கேப்டன உக்கார வைக்க முடியுமாம்மா? அவளுக்கு வெளியே தெரியல, ஒனக்குத் தெரிஞ்சு போச்சு. இப்ப ரெண்டு பேரையும் கெடுத்து என்ன லாபம்? அடுத்த வருசம் ஒனக்குப் பாக்கலாம்" என்றார். அடுத்த வருடம் எனக்கு மாமா பையன் வீட்டில் சமையல். அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆகஸ்ட் 9, சனி

இன்று செலக்ஷன். எங்கள் கல்லூரியில் இருந்து சார் யாரையும் அனுப்பவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலை எல்லோரையும் மேட்டில் உட்கார வைத்து, சார் செலக்ஷனுக்கு யார் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நேராக மேட்டுக்குள் போனேன். வடிவு தள்ளி உட்கார்ந்தாள். முட்டிக் கேப் மூட்டையைத் தூக்கி அவர்கள் நடுவில் கொட்டினேன். அந்த நாற்றம் எழுந்தது.

"எனக்குப் படர்தாமரை. எல்லாருக்கும் தெரியும். மருந்து போட்டு ஆறிட்டு வருது. இந்த மூட்டையில கைய விடாம நம்மள்ல யாரும் ஆடல. எனக்கு மட்டும் எப்படிட்டி வரும்? யாருக்கெல்லாம் அரிப்பு இருக்கு? கைய தூக்குங்க."

"பேச்சி, வெளியே போ" என்றார் சார்.

"டாக்டரு எல்லாரும் சேந்து மருந்து போட்டாத்தான் தீரும்னு சொல்லிருக்காங்க சார். இல்லன்னா ஒருத்தருட்ட இருந்து ஒருத்தருக்குத் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டேதான் இருக்கும்."

யாரும் அசையவில்லை. முட்டாள்தனமாக நிற்கிறோம் என்று நினைத்தபோது அனிஷா கையைத் தூக்கினாள். பயந்து பயந்து, காது உயரத்துக்கு மட்டும். "இடுப்புல, அக்கா" என்றாள். அவள் பக்கத்தில் இருந்த கோபிகா தூக்கினாள். பிறகு பின்வரிசையில் இரண்டு பேர். பிறகு இன்னொருத்தி. கடைசியில் வடிவு. என் பக்கெட்டைக் காலால் தள்ளிய வடிவு, தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினாள். எல்லோரும் வைத்துக்கொண்டுதான் என்னைத் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இவர்களுக்கு உள்ளே அரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை.

ஜெனி தூக்கவில்லை.

முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி அத்தனை கைகள். சார் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். இத்தனை நாளில் அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. ஜெனியும் பார்த்தாள். நீ சொல்லமாட்டாய் என்று நம்புகிற பார்வை. இன்னமும் என்னை நம்புகிறாள்.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறப் பார்த்தாள். நான் கார்னர், பிடித்தால் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"இப்ப எண்ணுங்க சார்."